மைதானத்து வாயிலிலே

மாலை ஐந்து மணியானால் எமது ஊர் வாவிக்கரையில் இரண்டு ஓசைகள் கேட்கும். ஒன்று, மீன்பிடிக்கப் புறப்படும் தோணிகளின் சவள் நீரிற்படும் ஓசை. மற்றையது, கரையோரத்து மைதானத்திலிருந்து எழும் பிள்ளைகளின் ஆரவாரம். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி உலகமே பேசும். நிலாக்கால இரவிலே கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்திச் செவிசாய்த்தோர் அவ்விசையைக் கேட்டதாகச் சொல்வர். எமக்கோ சிறுவயது முதல் பழகிய இசை அந்த மைதானத்து ஆரவாரந்தான். அது ஓய்ந்துபோன ஐந்து மாதங்களை நாம் கண்டோம். அக்காலத்தில் எமக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தையும், அதிலிருந்து நாம் கற்ற ஒரு பாடத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. அன்று காலை கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தேவாலயங்களிலே குண்டுகள் வெடித்தன. தலைநகரின் பெரிய ஹோட்டல்களும் தப்பவில்லை. அதே வேளையில் எமது மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. நாடெங்கும் இறந்தோர் 250க்கும் மேற்பட்டோர். எமது நகரில் உயிர்நீத்தவரிற் பலர் சிறுவர். ஞாயிறு வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்து நின்ற பிள்ளைகள். மதம் எதுவாயினும், அன்று பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் அடுப்புச் சரியாக எரியவில்லை.

எமது ஊர் விளையாட்டுக் கழகம் ஆண்டுதோறும் சித்திரைப் புத்தாண்டையொட்டி மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடத்தி வருவது வழக்கம். அவ்வாண்டு அரையிறுதி ஆட்டங்கள் புத்தாண்டுக்கு முன்னரே முடிந்திருந்தன. இறுதி ஆட்டம் ஏப்ரல் 28ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஒருபுறம் எமது ஊர் அணி. மறுபுறம் அயலூர் முஸ்லிம் இளைஞர் அணி. உயிர்த்த ஞாயிறு வந்தது, ஆட்டம் நின்றது. மைதானத்திலே புல் முழங்காலளவு வளர்ந்தது. ஆடுகள் மேய்ந்தன. ஆடுகளத்தின் நடுவே மாடு படுத்திருந்ததை நாமே கண்டோம்.

மே மாதத்தில் பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது, பெற்றாரும் ஆசிரியருமாக வாயிலில் நின்று பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தோம். ஒரு நாள் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் பையை எம்மிடம் நீட்டினான். உள்ளே கொப்பிகள், ஒரு போத்தல் தண்ணீர், வாழையிலையிற் கட்டிய புட்டு. அவன் எம்மை நிமிர்ந்து பார்த்து, "என்ட பைக்குள்ள என்ன இரிக்குமெண்டு பாக்கிறீங்க, சேர்?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, அறிய விரும்பியே கேட்டான். எமக்கு விடை தெரியவில்லை. "ஒண்டுமில்ல மனே, போ" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினோம்.

அச்சம் எமக்கும் இருந்தது. அதை மறைப்பதிற் பயனில்லை. எம் அன்னையார், "ஆக்கள் கூடுற இடத்துக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போகாத மனே" என்று நாள்தோறும் சொல்வார். பதினொரு வயதான எம் மகளோ கிரிக்கெட் என்றால் உணவையும் மறப்பவள். "எப்ப அப்பா பைனல்?" என்று அவளும் நாள்தோறும் கேட்பாள். இருவருக்கும் இடையில் நின்ற நாம், "மறுகா பாப்பம்" என்றே நாட்களைக் கடத்தினோம்.

விளையாட்டு மைதானத்தைக் கண்டு அஞ்சுவது வீண் அச்சமா? அன்று. விளையாட்டு விழா என்பது குறித்த நாளில், குறித்த வேளையில், குறித்த இடத்தில் பெருங்கூட்டம் கூடுவது. அதை முன்கூட்டியே யாவரும் அறிவர். தீங்கு நினைப்போர்க்கும் அதுவே வசதியாகிவிடுகிறது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விழாவின்போது இஸ்ரேல் குழுவினர் பதினொருவர் கொல்லப்பட்டனர். எம் நாட்டிலேயே 2008 ஏப்ரல் 6ஆம் நாள் வெலிவேரியாவில், புத்தாண்டு விழாவின் மரதன் ஓட்டத்தைக் கொடியசைத்துத் தொடக்கவிருந்த அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே தற்கொலைக் குண்டுக்கு இரையானார். முன்னாள் மரதன் வீரர் கே. ஏ. கருணாரத்னவும், தேசிய மெய்வல்லுநர் பயிற்சியாளர் லக்ஷ்மன் டி அல்விஸும், இன்னும் பலரும் அவருடன் மாண்டனர். ஓடுவதற்காக வரிசையில் நின்றோர் நடுவே அக்குண்டு வெடித்தது. அடுத்த ஆண்டு, 2009 மார்ச் 3ஆம் நாள், லாகூரிலே மைதானத்துக்குச் சென்றுகொண்டிருந்த இலங்கைக் கிரிக்கெட் அணியின் பஸ்மீது துப்பாக்கிகள் முழங்கின. ஆகவே எம் அன்னையாரின் சொல்லைப் பேதைமை என்று தள்ள எம்மால் இயலவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் கழகத்தின் குழு கூடியது. நாம் அக்கழகத்தின் போசகராதலால் எம்மையும் அழைத்திருந்தனர். பொலிஸ் அனுமதி கிடைக்கும் என்றார் செயலாளர். ஒலிபெருக்கி, பந்தல், கிண்ணம் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு பேசினர். அப்போது ஒருவர் எழுந்து, அயலூர் அணியை இம்முறை அழைக்காமல் விட்டால் என்ன என்றார். அரையிறுதியில் தோற்ற அணியொன்றை அவர்களுக்குப் பதிலாக ஆடவைக்கலாமே என்றார். "அவங்கட பைக்குள்ள என்ன இரிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று முடித்தார்.

அவர் கொடியவரல்லர். உயிர்த்த ஞாயிறன்று ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சென்று இரத்தம் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். அன்று அங்கே கண்டவை அவருடைய கண்ணை விட்டு அகலவில்லை. சபையில் ஒருவரும் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. எல்லோரும் எம்மைப் பார்த்தனர். நாம் கற்றவர், மாணவருக்கு ஒழுக்கம் போதிப்பவர். நாமும் வாய்திறந்து, "யோசிச்சுச் சொல்லுவம்" என்றோம். அவ்வளவுதான். அந்த மூன்று நாட்களும் எம் வாழ்விலே நாம் பெருமைப்படக்கூடிய நாட்களல்ல.

நான்காம் நாள் இரவு தொலைபேசி ஒலித்தது. பேசியது அயலூர் அணியின் தலைவன். ஒருகாலத்தில் மாலை வகுப்பிலே எம்மிடம் கணிதம் படித்த பிள்ளை. சுகம் விசாரித்தான். பின்பு சற்றுத் தயங்கி, "சேர், நாங்க வரலாமா, இல்லாட்டி வராம விடுறதுதான் நல்லமா? வெளிப்படையாச் சொல்லுங்க, கோவிக்க மாட்டம்" என்றான்.

அக்குரல் எம் உள்ளத்தைத் தைத்தது. காரணம், அக்குரலை நாம் முன்னரே அறிவோம். ஒருகாலத்தில் அது எமது குரலாகவே இருந்தது.

2007ஆம் ஆண்டு. யுத்தம் மூண்டிருந்த காலம். பட்டம் பெற்று வேலை தேடிக் கொழும்பிலே தங்கியிருந்தோம். நண்பர் மூவருடன் ஒரு கிரிக்கெட் போட்டி பார்க்கச் சென்றோம். மைதானத்து வாயிலில் நீண்ட வரிசை. எல்லோரையும் மேலோட்டமாகத் தடவிப் பார்த்து உள்ளே விட்டனர். எமது முறை வந்தது. அடையாள அட்டையிலே மட்டக்களப்பு என்றிருந்ததைக் கண்டதும் எம்மை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி ஓரமாக நிறுத்தினர். பையிலிருந்தவை ஒவ்வொன்றாக நிலத்தில் வைக்கப்பட்டன. சோற்றுப் பொதி அவிழ்க்கப்பட்டது. ஏன் வந்தாய், யாருடன் தங்கியிருக்கிறாய் என்று ஒரு மணிநேரம் கேள்வி. வரிசையில் நின்ற தாயொருத்தி தன் குழந்தையை எம்மிடமிருந்து அப்பால் இழுத்துக்கொண்டாள். அதையே எம்மால் இன்றுவரை மறக்க முடியவில்லை. முடிவில் உள்ளே போகலாம் என்றனர். நாம் போகவில்லை. அன்று இலங்கை வென்றதா தோற்றதா என்பதுகூட நினைவில்லை.

அந்தக் காவலர்மீது இன்று எமக்குக் கோபமில்லை. கொழும்பிலே குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. அவை எம் இனத்தின் பெயராலே வைக்கப்பட்டவை என்பதையும் நாம் மறுக்க இயலாது. சோதனை வேண்டியதுதான். ஆயினும் எல்லோருக்கும் ஒரு சோதனை, எமக்கு வேறொரு சோதனை என்றிருந்ததே, அதுதான் நெஞ்சிற் பதிந்த முள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே முள்ளை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் நெஞ்சிலே குத்த நாம் முனைந்தோமே! வாய்திறந்து குத்தவில்லை, வாய்மூடியிருந்து குத்தினோம்.

அவ்விரவு எமக்கு உறக்கம் வரவில்லை. 1996ஆம் ஆண்டின் உலகக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. அப்போது நாம் பாடசாலை மாணவர். அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாள் கொழும்பிலே மத்திய வங்கி குண்டுவெடிப்பில் தகர்ந்தது. அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்தியத் தீவுகள் அணியும் கொழும்புக்கு வர மறுத்தன. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, தம் பிள்ளைகளின் உயிரை யார்தான் பணயம் வைப்பர்? அந்நேரத்தில் இந்திய வீரரும் பாகிஸ்தான் வீரரும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்கு வந்தனர். பெப்ரவரி 13ஆம் நாள் பிரேமதாச மைதானத்திலே இலங்கையுடன் ஆடினர். எல்லையிலே படைகளை நிறுத்தி வைத்திருக்கும் இரு நாடுகளின் பிள்ளைகள் ஒரே பக்கத்தில் நின்று பந்துவீசினர், பிடியெடுத்தனர். பின்னர் சிம்பாப்வே அணியும் கென்யா அணியும் வந்து தம் ஆட்டங்களை இங்கேயே ஆடின. மார்ச் 17ஆம் நாள் லாகூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் இலங்கை அவுஸ்திரேலியாவை வென்று கிண்ணத்தைப் பெற்றது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் பெற்றதை வானொலியிற் கேட்டுத் துள்ளியது இன்னும் நினைவிருக்கிறது. ஆயினும் வயது ஏற ஏற, அந்த 107ஐக் காட்டிலும் பெப்ரவரி 13ஆம் நாளின் வருகையே பெரிதாகத் தோன்றுகிறது. அச்சமுற்றிருந்த வீட்டுக்கு அயலவர் வந்து, "நாங்கள் இருக்கிறோம்" என்று சொன்ன நாள் அது.

கிண்ணம் வென்ற அதே லாகூரில்தான் பதின்மூன்று ஆண்டுகளின் பின் அவ்வணியின் பஸ் சுடப்பட்டது. பொலிசார் அறுவரும் பொதுமக்கள் இருவரும் இறந்தனர். வீரர் சிலர் காயமுற்றனர். குண்டுமழையின் நடுவே பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டி அவர்களை மைதானத்துள் சேர்த்தவர் மொஹமட் கலீல் என்னும் பாகிஸ்தானிய சாரதி. தொடையிலே காயம்பட்ட திலான் சமரவீர அதே ஆண்டு ஆகஸ்டில் காலி மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 159 ஓட்டங்கள் பெற்றார். இன்னொரு செய்தியும் உண்டு. 2008 நவம்பரில் மும்பாய் நகரம் தாக்கப்பட்டபோது, இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்து அணி தாயகம் திரும்பியது. ஆனால் சில நாட்களிலேயே மீண்டும் வந்தது. டிசம்பரில் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில், பலத்த காவலின் நடுவே, டெஸ்ட் போட்டி நடந்தது. 387 ஓட்டங்கள் என்ற இலக்கை இந்தியா எட்டியது. மும்பாயின் மைந்தரான டெண்டுல்கர் ஆட்டமிழக்காது 103 ஓட்டங்கள் பெற்று, அச்சதத்தைத் தம் நகரத்துக்கே காணிக்கையாக்கினார்.

இவ்வளவு தூரம் போவானேன்? எமது மண்ணிலேயே கொம்புமுறி விளையாட்டு உண்டல்லவா? கண்ணகி அம்மன் கோயிலையொட்டி ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாகப் பிரிந்து, இரண்டு கொம்புகளைக் கொளுவி, வடம் கட்டி இழுப்பர். அதை எம் முன்னோர் எக்காலத்தில் ஆடினர்? மழை பொய்த்த காலத்திலும், கொள்ளைநோய் பரவிய காலத்திலும் ஆடினர். ஊருக்குத் துன்பம் வந்தபோது, கூடி விளையாடினால் அத்துன்பம் நீங்கும் என்று அவர்கள் நம்பினர். நோய் நீங்கியதோ இல்லையோ, ஒருவர்க்கொருவர் முகம் கொடுக்காமல் வீட்டுக்குள் அடங்கியிருக்கும் நிலை நீங்கியிருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. இரண்டு பக்கம் இல்லாவிட்டால் கொம்பு முறியாது. எதிர்ப்பக்கம் இழுப்பவனும் வேண்டும்.

விடிந்ததும் அத்தம்பிக்கு நாமே தொலைபேசி எடுத்தோம். "நீங்க வராட்டி பைனல் இல்ல மனே" என்றோம். அன்று மாலையே குழுவைக் கூட்டினோம். 2007ஆம் ஆண்டின் கதையை, எம் மனைவியாருக்குக்கூட முழுமையாகச் சொல்லாத கதையை, அங்கே சொன்னோம். சபை அமைதியாயிருந்தது. முன்பு எதிர்த்துப் பேசியவரே, "அப்ப சோதினை வேணாமெண்டு சொல்லுறீங்களா, சேர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "வேணும். ஆனா எல்லாருக்கும் வேணும். முதற்பை என்ட பை" என்றோம்.

அதன்பின் வேலைகள் விரைந்து நடந்தன. மைதானத்துக்கு உள்ளே வருவதற்கு ஒரே வாயில். அவசரத்துக்கு வெளியேற வாவிப் பக்கமாக இன்னும் இரண்டு வழிகள். வாயிலிலே ஒரு மேசை. அங்கே எமது ஊரவர் இருவரும் அயலூரவர் இருவரும் சேர்ந்து நிற்பர். பெண்களின் பைகளைப் பார்ப்பதற்கும் இரு ஊர்களிலிருந்தும் பெண்கள். வாகனங்கள் எல்லாம் தெருவுக்கு அப்பால். இவற்றை நாம் இங்கே எழுதுவது வாசகர்களுக்கும் பயன்படும் என்பதாலேயாம். பிள்ளைகளோடு எந்த விழாவுக்குச் சென்றாலும் வெளியேறும் வழி எது என்பதை முதலிற் பார்த்து வைத்தல் நன்று. பிரிய நேர்ந்தால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைப் பேசி வைத்தலும் நன்று. இவை கோழைத்தனமல்ல. தோணியில் ஏறுபவன் நீந்தக் கற்றுக்கொள்வது போன்றவை.

செப்டெம்பர் மாதத்து ஞாயிறொன்றில் ஆட்டம். கச்சான் விற்பவரும் ஐஸ்பழக்காரரும் காலையிலேயே வந்துவிட்டனர். ஒலிபெருக்கியின் ஓசை வாவியைக் கடந்து படுவான்கரைக்கும் கேட்டிருக்கும். சொன்னபடியே நாம் முதல் ஆளாக வாயிலுக்குச் சென்று பையை மேசைமீது கவிழ்த்தோம். ஒரு குடை, தேநீர்ப் போத்தல், திருத்தவேண்டிய பரீட்சைத் தாள்கள், எம் அன்னையார் எமக்குத் தெரியாமல் உள்ளே வைத்த கோயில் திருநீற்றுப் பொட்டலம். கூடி நின்றவர்கள் சிரித்தனர். "பரீட்சைத் தாள்தான் ஆபத்தான சாமான்" என்றான் ஒரு மாணவன். அயலூர் அணி வந்து இறங்கியது. அதன் தலைவன் யாரும் கேட்குமுன் தன் பெரிய பையைத் திறக்கக் குனிந்தான். நாம் அவன் கையைப் பிடித்து, "வரிசையில வா மனே. உனக்கு முதல் நம்மட செயலாளர் நிக்கிறார்" என்றோம். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் செயலாளருக்குப் பின்னே போய் நின்றான்.

எம் அன்னையாரும் வந்திருந்தார்! "புள்ளையத் தனிய விட ஏலாது" என்பது அவர் சொன்ன காரணம். பெண்களின் மேசையில் அயலூர் உம்மா ஒருவர் அவருடைய வெற்றிலைப் பையைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் பாக்கு நல்லதா என்று விசாரித்தார். ஆட்டம் முடியும்வரை இருவரும் ஒரே பாயிலிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தனர்.

கடைசி ஓவரில் இரண்டு விக்கெட்டுகள் கையிலிருக்க அயலூர் அணி வென்றது. கிண்ணத்தை நாமே எடுத்துக் கொடுத்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் எம் மகள் தேம்பித் தேம்பி அழுதாள். அந்தப் பிடியை மட்டும் தவறவிடாமல் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளைத் தேற்ற முனைந்த எம் மனைவியாரை நாம் கண்ணாற் சைகை காட்டித் தடுத்தோம்.

அழட்டும் என்றிருந்தோம். ஐந்து மாதங்களாக எமது ஊரிலே பிள்ளைகள் எத்தனையோ காரணங்களுக்காக அழுதனர். அக்காரணங்கள் ஒன்றும் ஒரு பிள்ளை அறியவேண்டியவையல்ல. தவறிப்போன ஒரு பிடிக்காக ஒரு பிள்ளை அழுததை அன்றுதான் மீண்டும் கேட்டோம். வாவியிலே தோணிகள் புறப்பட்டுக்கொண்டிருந்தன.